பெக்கன்ட்ரீ காலனியும் அங்கே குடியிருந்த பெண்களும்



மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதிக் கொடு என்று ஊக்குநர் அக்கா கேட்டபோது, எங்க குழு ஆரம்பிச்ச கதையைத்தான் எழுதலாம்னு நினைச்சேன். அதை ஏற்கனவே நாலு பேர் எழுதிக் கொடுத்துட்டாங்க. அதனால நான் வீட்டைப் பற்றி எழுதுறேன். நான் இருக்கிறது அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லா வாசலும் ஒரே மாதிரி. கல்யாணமாகி வந்த புதுசுல கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "கதவைத் திறங்க அத்தை"ன்னு கூப்பிட்டு அசிங்கப்பட்டிருக்கேன். அரசாங்கமே வரிசையாக வீடு கட்டித் தருகிற வழக்கம் வேற எந்த தேசத்துல இருக்கு, அங்க பொம்பளைங்க எப்படிக் குடித்தனம் பண்ணினாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசைப்பட்டேன். நூலகத்துலயும் தேடினேன், இங்கிலீஷ்ல இருந்ததை மகள் படிச்சு சொன்னாள். அப்படிக் கிடைச்சதுதான் லண்டன் பக்கத்துல கட்டின பெக்கன்ட்ரீ காலனியின் கதை.

நம்ம ஊர்ல நகராட்சி, மாநகராட்சின்னு சொல்ற மாதிரி இங்கிலாந்துல கவுன்சில்னு சொல்றாங்க. அந்தக் கவுன்சில் வீடு கட்டி, தானே வீட்டுக்காரராக இருந்து, கூலிக்காரக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடும். அதுக்குப் பேர் கவுன்சில் வீடு. இந்த ஏற்பாட்டை யாரோ நல்ல மனசுக்காரங்க சும்மா கொடுத்துடலை. அதுக்கு முன்னால பொம்பளைங்க தெருவுல இறங்கின கதை ஒண்ணு இருக்கு. அதைத்தான் முதல்ல சொல்லணும்.

முதல் உலகப் போர் நடந்த நேரம், 1915. ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ என்கிற ஊர். கப்பல் கட்டுற ஊர். போருக்கு வேண்டிய வேலை நிறைய இருந்ததால வெளியூர் ஆட்கள் வந்து குவிஞ்சாங்க. வீடு கிடைக்கலை. இதுதான் சமயம்னு வீட்டுக்காரங்க வாடகையை ஏத்திட்டாங்க. சில இடத்துல நூற்றுக்கு இருபத்தஞ்சு வரைக்கும் ஏத்தினாங்களாம். ஆம்பளைங்க நிறைய பேர் போர்முனையில. வீட்டுல இருந்த பொம்பளைங்களால கொடுக்க முடியலை. கோவன் என்கிற பகுதியில மேரி பார்பர் என்ற குடும்பப் பெண் எல்லாரையும் சேர்த்து, "பழைய வாடகை தர்றோம், ஏத்தின பணம் தர மாட்டோம்"னு முடிவெடுக்க வச்சாங்க. ஜன்னல்ல எல்லாம் அட்டை எழுதி மாட்டினாங்க. வீட்டைக் காலி பண்ண கோர்ட் ஆள் வருவான்ல, அவன் வருகிறானான்னு பார்க்க ஒரு பெண் மணியை வச்சுக்கிட்டு மாடிப்படியில உட்கார்ந்திருப்பாங்க. ஆளைக் கண்டதும் மணி அடிப்பாங்க. உடனே அடுப்புல வச்சதை அப்படியே விட்டுட்டு எல்லாரும் ஓடி வந்து, மாவுப் பொட்டலத்தை அவன் மேல வீசுவாங்க. தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளையாக அவன் திரும்பிப் போகணும். இந்த இடத்தைப் படிச்சப்ப நானும் மகளும் ரொம்ப நேரம் சிரிச்சோம்.

நவம்பர் மாசம் வாக்கில சுமார் 20,000 குடும்பங்கள் இதுல சேர்ந்துட்டாங்க. கொஞ்சம் பேர் மேல வழக்குப் போட்டப்ப, நவம்பர் 17-ந் தேதி பெரிய கூட்டம் கோர்ட்டுக்கு நடந்தே போச்சு. அந்த வருஷம் டிசம்பர் மாசமே அரசாங்கம் சட்டம் போட்டு, போருக்கு முன்னால இருந்த வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. மேரி பார்பர் 1920-ல கிளாஸ்கோ கவுன்சிலுக்கே உறுப்பினராகத் தேர்வானாங்க.

வாடகையை ஏத்த முடியாதுன்னு ஆனதும், வாடகைக்கு விடுறதுக்காக வீடு கட்டுறதுல தனியாருக்கு ஆசை போச்சு. போர் முடிஞ்சு ஆம்பளைங்க திரும்பி வந்தாங்க. அவங்களுக்கு நல்ல வீடு தருவோம்னு பிரதமர் லாயிட் ஜார்ஜ் வாக்குக் கொடுத்திருந்தார். 1919-ல வந்த வீட்டுவசதிச் சட்டத்தை அப்போதைய சுகாதார அமைச்சர் அடிசன் பேரால அடிசன் சட்டம்னு சொல்றாங்க. ஊருக்கு எத்தனை வீடு வேணும்னு ஒவ்வொரு கவுன்சிலும் கணக்கெடுத்துக் கட்டணும், அரசாங்கம் மானியம் தரும். 5 லட்சம் வீடுன்னு சொன்னாங்க. பாதிகூடக் கட்டி முடிக்கலை. வாக்குறுதின்னா எல்லா ஊர்லயும் அப்படித்தான் போல.

வீடு எப்படி இருக்கணும்னு கேட்க 1918-ல அரசாங்கமே பெண்கள் மட்டும் உள்ள குழு ஒண்ணு போட்டாங்க. அந்தக் குழு ஊர் ஊராகப் போய் வீடுகளைப் பார்த்து, கூலிக்கார வீட்டுப் பெண்களையே விசாரிச்சது. குளிக்கிற இடம் தனியாக வேணும், வெந்நீர் வேணும், சமையல் நடக்கிற இடம் இல்லாமல் தனியாக ஒரு முன்னறை வேணும்னு பெண்கள் சொன்னாங்க. நம்மகிட்ட இப்படி யாராவது வந்து கேட்டிருந்தா, சமையல் மேடைக்கு மேல ஒரு ஜன்னல் வைங்கன்னு சொல்லியிருப்போம். கேட்டதெல்லாம் அங்கேயும் கிடைச்சுடலை. கேட்டாங்க என்பதையாவது எழுதி வைக்கணும்னு தோணுச்சு.

இனி பெக்கன்ட்ரீக்கு வர்றேன்.

அப்போ லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸ் மாவட்டத்துல இருந்த டேகன்ஹாம், பார்க்கிங், இல்ஃபோர்டு என்கிற மூணு ஊரோட நிலம். காய்கறித் தோட்டமாக இருந்த பூமி. அதுல சுமார் 3,000 ஏக்கரை லண்டன் மாவட்டக் கவுன்சில் வாங்கியது. கட்டுமான சாமான் கொண்டு வர தேம்ஸ் ஆத்துல ஒரு படகுத்துறை, அங்கேயிருந்து தனி ரயில் பாதை எல்லாம் போட்டாங்களாம். 1921-ல முதல் வீடுகள் குடிவந்தது. 1935 வரைக்கும் கட்டிக்கிட்டே இருந்தாங்க. மொத்தம் கிட்டத்தட்ட 26,000 வீடு, ஒரு லட்சத்துக்கும் மேல ஜனம். அந்தக் காலத்துல உலகத்துலேயே பெரிய கவுன்சில் காலனி இதுதான். டேகன்ஹாம் ஊர்ல 1921-ல சுமார் 9,000 பேர் இருந்தாங்க, பத்தே வருஷத்துல அது சுமார் 89,000 ஆயிடுச்சு.

வந்தவங்க பெரும்பாலும் லண்டன் கிழக்குப் பகுதியில நெருக்கடியில கிடந்தவங்க. ஒரு அறை, ரெண்டு அறையில முழுக் குடும்பம். முற்றத்துல நாலைஞ்சு குடும்பத்துக்கு ஒரு குழாய், ஒரு கக்கூஸ். அங்கேயிருந்து வந்தவங்களுக்கு இந்த வீடு எப்படி இருந்திருக்கும்! உள்ளேயே கக்கூஸ், குளிக்கத் தொட்டி, கேஸ், கரண்ட் விளக்கு, முன்னால பூந்தோட்டம், பின்னால காய்கறி போட இடம். சில வீட்டுல குளிக்கிற தொட்டி சமையல்கட்டுக்குள்ளேயே இருக்கும், துணி அவிக்கிற கொப்பரையிலதான் வெந்நீர் காய வைக்கணும். இருந்தாலும் தன் வீட்டுக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கிட்டுக் குளிக்கலாம் இல்லையா. இதோட அருமை ஆம்பளைங்களுக்குப் புரியாது. விடியறதுக்கு முன்னால சொம்பு எடுத்துக்கிட்டு காட்டுப் பக்கம் போன நமக்குப் புரியும்.

தெருக்களையும் யோசிச்சுத்தான் போட்டிருக்காங்க. முட்டுச் சந்து மாதிரி ஒரு சின்ன வழி உள்ளே போய் வட்டமாக விரியும், வட்டத்தைச் சுத்தி வீடுகள் இருக்கும். பான்ஜோ என்கிற வாத்தியம் மாதிரி இருக்குன்னு அந்த சந்துக்கே பான்ஜோன்னு பேர் வச்சுட்டாங்க ஜனங்க. வண்டி வராததால பிள்ளைங்க விளையாட அது வசதி.

வீடு சரி. மத்தது? தெருவெல்லாம் சேறு. கடை கிடையாது. பள்ளிக்கூடம் பத்தலை. ஏன்னு பார்த்தா, வீட்டைக் கட்டினது லண்டன் கவுன்சில். இடமோ லண்டனுக்கு வெளியே. பள்ளிக்கூடம் எசெக்ஸ் மாவட்டத்தோட பொறுப்பு. மத்த வசதியெல்லாம் மூணு ஊர்க் கவுன்சிலோட பொறுப்பு. ஒருத்தர் ஜனத்தைக் கொண்டு வந்து இறக்குறார், இன்னொருத்தர் பள்ளிக்கூடம் கட்டணும், அவருக்கு அதுல இஷ்டமில்லை. ஆபீஸுக்கு ஆபீஸ் நம்மை அலைய விடுறது இங்க மட்டும்னு நினைச்சிருந்தேன்.

வேலையும் பக்கத்துல இல்லை. ஆம்பளைங்க பழையபடி லண்டன் துறைமுகத்துக்கும் பட்டறைக்கும் ரயில்ல போனாங்க. விடியற்காலை ரயில்ல தொழிலாளிகளுக்குக் குறைஞ்ச டிக்கெட் உண்டு. அதைப் பிடிக்க இருட்டுலயே கிளம்பணும். அப்போ வீட்டுக்காரி அதுக்கும் முன்னால எழுந்திருக்கணும். இந்த வரி எந்தப் புத்தகத்துலயும் இல்லை, நானே சேர்த்தது.

பெண்களுக்கு இருந்த பெரிய குறை தனிமை. பழைய இடத்துல அம்மா அடுத்த தெருவுல, சித்தி மாடியில. பிள்ளையைத் தூக்கி அம்மா கையில கொடுத்துட்டு வேலைக்குப் போகலாம். இங்க வந்ததும் பகல் முழுக்க நாலு சுவர். அம்மாவைப் பார்க்க ரயில் காசு. வாடகையோ பழைய இடத்தைவிட அதிகம். வாடகை, ரயில் காசு ரெண்டையும் சேர்த்தா கட்டுப்படியாகலைன்னு திரும்பிப் போனவங்களும் நிறைய. இன்னொன்றும் சொல்லணும். நிலையான சம்பளம் உள்ளவங்களுக்குத்தான் இந்த வீடு கிடைச்சது. ஒண்ணுமே இல்லாத பரம ஏழைக்குக் கிடைக்கலை. நம்ம ஊர்ல குழுக்கடன் கொடுக்கும்போது "இவளால கட்ட முடியுமா"ன்னு முதல்ல பார்க்கிறோமே, அந்த மாதிரிதான். நாமும் அதைச் செய்கிறோம், அதனால அவங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரலை.

வீட்டு ஆளுக்கு ஒரு சட்டப் புத்தகம் கொடுப்பாங்க. வாரம் ஒரு தடவை ஜன்னல் கண்ணாடி துடைக்கணும். புகைபோக்கியை வருஷத்துக்கு ஒரு தடவையாவது சுத்தம் பண்ணணும். முன் தோட்டம் ஒழுங்காக இருக்கணும். வேலிச்செடி ஒரே உயரத்துல இருக்கணும். கதவுக்கு என்ன பெயிண்ட்னு கவுன்சில்தான் முடிவு பண்ணும். தோட்டத்துக்குப் போட்டி வச்சுப் பரிசும் கொடுத்தாங்க. வாடகை வாங்குறவர் வாரா வாரம் வருவார், வாடகைப் புத்தகத்துல கையெழுத்துப் போடுவார், போற போக்குல தோட்டத்தையும் ஒரு பார்வை பார்ப்பார். வாடகைச் சீட்டு வீட்டுக்காரர் பேர்ல இருக்கும். துடைக்கிறது, வெட்டுறது, வாரக்காசை எடுத்து வைக்கிறது எல்லாம் வீட்டுக்காரி. காசு இல்லாத வாரம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பிள்ளைங்களை வாய் பேசாதேன்னு அடக்கி உட்கார்ந்ததும் அவள்தான். தவணைக்குச் சாமான் கொடுக்கிறவரும் வாசலுக்கே வருவார். வாரக் கடன் வசூலுக்கு வண்டிச் சத்தம் கேட்டதும் பின்பக்கமாகப் போன நாள் நம்மில் யாருக்கு இல்லை? அங்கேயும் பெண்கள் கிறிஸ்துமஸ் சீட்டுன்னு வாரம் கொஞ்சம் காசு போட்டு, டிசம்பர்ல எடுத்துப் பண்டிகை நடத்தினாங்க. நம்ம தீபாவளிச் சீட்டுதான்.

குறையை மட்டும் எழுதினா தப்பு. 1930-ல அந்தக் காலனியில ஒரு பாதிரியார் ஞாயிறு பள்ளிக்கு வந்த 12 சின்னப் பெண்களைச் சேர்த்து, பேக்பைப் என்கிற ஸ்காட்லாந்து ஊதுவாத்தியம் கத்துக்க ஏற்பாடு பண்ணினார். தோல்பையை அக்குள்ல இடுக்கிக்கிட்டு ஊதுறது, அதுவரை ஆம்பளைங்க வாத்தியம். டேகன்ஹாம் பெண்கள் வாத்தியக் குழுன்னு பேர் எடுத்து வெளிநாடெல்லாம் போய் வாசிச்சாங்க. கடையில்லாத சேத்துத் தெருவுல இருந்து போன பிள்ளைங்க.

1931-ல ஃபோர்டு கார் கம்பெனி தேம்ஸ் கரையில டேகன்ஹாம்ல தொழிற்சாலை திறந்தது. முதல்ல மான்செஸ்டர்ல இருந்த தன் ஆட்களையும் குடும்பத்தோட கூட்டிட்டு வந்தது. போகப் போக உள்ளூர் ஆட்களுக்கும் வேலை கிடைச்சு, ரயிலேறிப் போற பாடு குறைஞ்சது. பீட்டர் வில்மாட் என்கிற ஆய்வாளர் காலனிக்கு நாற்பது வயசான பிறகு போய்ப் பார்த்து 1963-ல ஒரு புத்தகம் எழுதினார். விட்டுட்டு வந்த பழைய லண்டன் மாதிரியே இங்கேயும் அம்மாவும் மகளும் பக்கத்துப் பக்கத்துல இருக்காங்க, ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையாக இருக்காங்கன்னு எழுதியிருக்கார். அதோட ஒரு வருத்தமும் இருக்கு. காலியாகிற வீட்டை லண்டன்ல காத்திருக்கிறவங்களுக்குத்தான் கவுன்சில் கொடுக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைங்களுக்குக் கல்யாணமானா வீடு கிடைக்காது, வெளியூர் போகணும். வந்தப்ப அம்மாவை விட்டுட்டு வந்தவள், இப்போ மகளை அனுப்ப வேண்டியதாச்சு.

அந்த ஃபோர்டு தொழிற்சாலையில டேகன்ஹாம் பக்கத்துப் பெண்கள் கார் சீட்டுக்கு உறை தைச்சாங்க. சேர்க்கும்போது மிஷின்ல தைக்க வச்சுப் பரீட்சை பார்த்துத்தான் எடுத்தாங்க. ஆனா வேலையைத் தரம் பிரிச்சப்ப, இது திறமை கம்மியான வேலைன்னு கீழ் தரத்துல போட்டாங்க. அந்தத் தரத்துலயும் ஆம்பளைக்கு 100 ரூபாய்னா பொம்பளைக்கு 85 ரூபாய் என்கிற கணக்கு. 1968 ஜூன் 7-ந் தேதி 187 பெண்கள் மிஷினை நிறுத்திட்டு வெளியே வந்தாங்க. ரோஸ் போலண்ட் என்பவங்க அவங்களுக்காகப் பேசினவங்கள்ல ஒருத்தர். சீட் உறை இல்லாமல் கார் வெளியே போகாது. கொஞ்ச நாள்ல தொழிற்சாலையே நின்னுபோச்சு. அதே இடத்துல வேலை பார்த்த புருஷன்மார்களுக்கும் வேலை இல்லாமல் போச்சு. அந்த வீட்டுக்குள்ள என்ன பேச்சு நடந்திருக்கும்னு நாமே நினைச்சுப் பார்த்துக்கலாம். வாரக்காசு ரெண்டு பக்கமும் இல்லை, வாடகைக்காரர் மட்டும் சொன்ன நாள்ல வந்து நிற்பார்.

மூணு வாரம் நின்னாங்க. வேலைவாய்ப்பு அமைச்சர் பார்பரா காசில், அவங்களும் பெண், கூப்பிட்டுப் பேசினாங்க. 85 ரூபாய் 92 ரூபாய் ஆச்சு. 1970-ல சம வேலைக்குச் சம கூலிச் சட்டம் வந்ததுக்கு இந்தப் போராட்டம் பெரிய காரணம். ஆனா தையல் திறமையான வேலைதான் என்கிற மேல் தரம், அந்தப் பெண்கள் முதல்ல கேட்டது அதைத்தான், 1984-ல மறுபடியும் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் கிடைச்சது. நடுவுல பதினாறு வருஷம்.

அப்புறம் 1980. மார்கரெட் தாட்சர் பிரதமர். மூணு வருஷமாவது குடியிருக்கிற ஆள் தன் கவுன்சில் வீட்டைத் தள்ளுபடி விலைக்கு வாங்கிக்கலாம்னு சட்டம் வந்தது. நூற்றுக்கு 33-ல ஆரம்பிச்சு, அதிக வருஷம் இருந்தவங்களுக்கு 50 வரைக்கும் தள்ளுபடி. பெக்கன்ட்ரீயில நிறைய பேர் வாங்கினாங்க. வாங்கின உடனே என்ன செய்தாங்க தெரியுமா? கதவை மாத்தினாங்க. அறுபது வருஷம் கவுன்சில் சொன்ன பெயிண்ட்ல இருந்த கதவு. வேலிச்செடியைப் பிடுங்கிட்டு வண்டி நிறுத்தத் தரை போட்டாங்க. தெருவுல நடந்தா எது வாங்கின வீடு, எது வாடகை வீடுன்னு கதவைப் பார்த்தே சொல்லலாமாம். அந்த சந்தோஷம் எனக்கு நல்லாப் புரியுது. எங்க வீட்டுச் சுவருக்கு முதல் தடவையாக நானே மஞ்சள் அடிச்ச அன்னைக்கு நான் சமைக்கவே இல்லை, வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.

ஆனா வித்த வீட்டுக்குப் பதில் கவுன்சில் புது வீடு கட்டலை. வித்த பணத்துல பெரும்பகுதியைக் கட்டுறதுக்குச் செலவழிக்க அரசாங்கம் விடலை. இங்கிலாந்துல இதுவரைக்கும் சுமார் 20 லட்சம் கவுன்சில் வீடு இப்படிப் போயிருக்கு. வாங்கினவங்க வயசாகி வித்துட்டாங்க, பிள்ளைங்க வித்துட்டாங்க. வாங்கின தனியார் அதையே கூடுதல் வாடகைக்கு விடுறாங்க. ஒரே சுவர் நடுவுல இருக்கிற ரெண்டு வீடு, ஒண்ணுல கவுன்சில் வாடகை, இன்னொண்ணுல அதைவிட ரொம்பக் கூட.

இதைப் போன மாசக் கூட்டத்துல சொன்னேன். சொந்தமாக்கிக் கொடுத்தது நல்லதுதான்னு பாதிப் பேர். வித்திருக்கக் கூடாது, அடுத்த பிள்ளைங்களுக்கு என்ன வழின்னு பாதிப் பேர். சத்தம் அதிகமாகி, வரவு செலவு வாசிக்கவே நேரமாயிடுச்சு. நான் ரெண்டு பக்கமும் பேசினேன்னு எனக்கே தெரியும். எங்க காலனியில ரெண்டு வீடு ஏற்கனவே கைமாறிடுச்சு. ஒண்ணு மருத்துவச் செலவுக்கு, இன்னொண்ணு மகள் கல்யாணத்துக்கு. ரெண்டு பட்டாவும் ஆம்பளை பேர்ல இருந்தது. ரெண்டாவது வீட்டை வித்த அக்கா இப்ப எங்க தெருக் கடைசியில வாடகைக்கு இருக்காங்க. கூட்டம் முடிஞ்சு வரும்போது அவங்க வாயே திறக்கலை. அவங்க பழைய வீட்டைத் தாண்டும்போது மட்டும், "முருங்கையை வெட்டிட்டாங்க பாரு"ன்னு சொன்னாங்க.